ஒரே மண்புழுத் தொட்டியில் உரமும் கோழித் தீனியும் எடுக்கலாமா?

கேள்வி இதுதான்: கொல்லையில் நான்கைந்து நாட்டுக்கோழி, மாடியில் கத்தரி, தக்காளி, கீரைத் தொட்டிகள். ஒரு மண்புழுத் தொட்டி வைத்தால் செடிக்கு உரமும் கோழிக்குத் தீனியும் சேர்ந்து கிடைக்குமா? கோழி எச்சத்தையே புழுவுக்குப் போட்டால் தீவனச் செலவும் குறையும், கூண்டுக் கழிவும் தீருமே?

உரம் தாராளமாகக் கிடைக்கும். தீனியும் கிடைக்கும், ஆனால் தீவனச் செலவைக் குறைக்கிற அளவுக்குக் கிடைக்காது. மூன்றாவது யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். கோழி எச்சம் போட்ட தொட்டியின் புழு கோழி வாய்க்குப் போகக் கூடாது. இரண்டு பயனும் வேண்டுமென்றால் இரண்டு தொட்டி வையுங்கள்.

முதலில் தீனிக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலரும் ஏமாறுவது இங்கேதான். மண்புழுவில் 60 சதவீதம் புரதம் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். அது உண்மை, ஆனால் காயவைத்த புழுவுக்கு. உயிருள்ள புழுவின் எடையில் 80 முதல் 85 சதவீதம் தண்ணீர். ஆக 100 கிராம் உயிர்ப்புழுவில் புரதம் சுமார் 10 கிராம். முட்டையிடும் பண்ணைக் கோழி ஒன்று நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்கிறது, அதில் 18 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. இதைப் புழுவால் மட்டும் கொடுக்க நினைத்தால் ஒரு கோழிக்கு ஒரு நாளைக்கு 180 கிராம் புழு வேண்டும். நாட்டுக்கோழி இதைவிடக் கொஞ்சம் குறைவாகத் தின்னும், அவ்வளவுதான்.

இனி வரவைப் பாருங்கள். நல்ல நிழல், ஈரம், தீனி எல்லாம் அமைந்த படுக்கையில் 1 கிலோ புழு இரட்டிப்பாக இரண்டு, மூன்று மாதம் ஆகும். மூலப் புழுவைக் குறைக்காமல் கூடுதலை மட்டும் எடுத்தால், 1 கிலோ புழு உள்ள தொட்டியிலிருந்து நாளைக்கு 12 கிராம் அளவுக்குத்தான் வரும். ஒரே ஒரு கோழியின் முழுப் புரதத்துக்கு 15 கிலோ புழு உள்ள படுக்கை வேண்டியிருக்கும். வீட்டில் அதை வைத்துப் பராமரிப்பது நடக்கிற காரியம் அல்ல.

அதற்காகத் தீனி யோசனையைத் தூக்கிப் போட வேண்டாம். அந்தப் 12 கிராமை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய கோழிகளுக்கு வீசினால் நான்கு கொத்தில் முடிந்துவிடும், பலன் தெரியாது. பொரித்துச் சில நாளான குஞ்சோ நாளைக்குப் பத்துப் பதினைந்து கிராம் தீவனம்தான் தின்னும். குருணையும் கம்பும் மட்டும் கொடுத்து வளர்க்கும் வீட்டில் அந்தக் குஞ்சுக்குப் புரதம் பற்றாது. அங்கே இரண்டு, மூன்று கிராம் புழு பெரிய உதவி. தானியத்தில் குறைவாக இருக்கும் லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள் புழுவில் நன்றாகவே உண்டு. அடுத்தபடி, இறகு உதிர்த்துப் புதிதாக முளைக்கும் பருவத்துக் கோழிக்கும், அடை காத்து மெலிந்து இறங்கிய கோழிக்கும் கொடுக்கலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து புழுவில் போதாது. கிளிஞ்சலோ பொடித்த முட்டை ஓடோ எப்போதும்போல் தனியாக வைக்க வேண்டும்.

இப்போது எச்ச விஷயம். கோழியின் குடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்களின் முட்டை எச்சத்தோடு வெளியே வருகிறது. மண்புழு அந்த எச்சத்தைத் தின்னும்போது முட்டையும் உள்ளே போகிறது. சில வகைகளில் அது மண்புழுவின் உடலுக்குள்ளேயே பொரித்து, இளம்புழுவாகத் தசையில் தங்கிவிடுகிறது. அந்த மண்புழுவைக் கோழி தின்றால் நேராகத் தன் இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. குருட்டுக்குடலில் வாழும் ஹெட்டெராக்கிஸ் இப்படி வருவது. மூச்சுக்குழாயில் தங்கி, குஞ்சுகளை வாய் பிளந்து மூச்சுக்குத் திணற வைக்கும் சின்காமஸ் இப்படியும் வரும், மண்புழுவுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கவும் அதனால் முடியும். அமீபோடேனியா என்ற சிறு நாடாப்புழுவுக்கோ மண்புழு இல்லாமல் வாழ்க்கைச் சுற்றே முழுமையாகாது. கேப்பிலேரியா என்ற நூல்போன்ற குடற்புழு வகைகளில் சிலவும் மண்புழு வழியாகத்தான் பரவுகின்றன.

வான்கோழி வளர்ப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஹெட்டெராக்கிஸ் முட்டைக்குள் ஹிஸ்டோமோனாஸ் என்ற நுண்ணுயிர் ஒளிந்து வரும். கருந்தலை நோய் என்கிறோமே, அதை உண்டாக்குவது இதுதான். கோழி பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும், வான்கோழி தாங்காது, ஈரல் கெட்டு இறந்துவிடும். கோழியும் வான்கோழியும் ஒரே கொல்லையில் மேயும் வீட்டில் வான்கோழிக்கு மண்புழு கொடுக்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

‘கோழி எப்படியும் மண்ணைக் கிளறிப் புழு தின்னத்தானே செய்கிறது’ என்று கேட்பீர்கள். தின்கிறதுதான். ஆனால் பரந்த கொல்லையில் எச்சம் வெயிலில் காய்ந்து சிதறுகிறது, புழுவும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் அகப்படுகிறது. நாம் தொட்டி வைக்கும்போது எச்சத்தையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, ஈரமும் நிழலும் கொடுத்து, ஆயிரம் புழுவை அதிலேயே வளர்த்து, பொறுக்கிக் கொண்டுபோய்க் குஞ்சின் முன் கொட்டுகிறோம். ஒட்டுண்ணிக்கு இதைவிட வசதி செய்து கொடுக்க முடியாது.

ஆகவே தீனித் தொட்டிக்குக் காய்கறிக் கழிவு, காய்ந்த இலை, மாட்டுச்சாணி மட்டும் போடுங்கள். கோழி மேயும் இடத்து மண்ணும் கூண்டுச் சருகும் அதில் சேரக் கூடாது, கோழி ஏறி உட்காராதபடி மூடியும் வேண்டும். எச்சத்தைப் பச்சையாகப் புழுவுக்குப் போட்டால் அமோனியாவும் உப்பும் சேர்ந்து புழுவையே கொன்றுவிடும் என்பது வேறு. அதைச் சருகோடு கலந்து, ஈரப்படுத்தி, குவியலாகப் போட்டுச் சூடேற விடுங்கள். நல்ல குவியலின் நடுவே 55 டிகிரிக்கு மேல் சூடு போகும், சில நாளுக்கொருமுறை புரட்டிவிட்டு எல்லாப் பகுதியும் அந்தச் சூட்டைக் காணும்படி செய்தால் ஒட்டுண்ணி முட்டைகள் அழியும். சூடு தணிந்து வாடை போன பிறகு இரண்டாவது தொட்டிக்குக் கொடுக்கலாம். அதில் வருவது செடிக்கு மட்டும். கோழிக்குக் குடற்புழு மருந்து கொடுத்திருந்தால் அந்த நாட்களின் எச்சம் எந்தத் தொட்டிக்கும் வேண்டாம், ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்து மண்புழுவையும் தாக்கும். மாட்டுக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து போட்டிருந்தாலும் இதே எச்சரிக்கைதான். சாணி வாங்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் புழு என்று கேட்டால், நம் ஊர் வெப்பத்தில் மூன்று வகை தொட்டிக்கு ஒத்துவரும். யூட்ரிலஸ் யூஜெனியே ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, தடித்து நீண்டது, வேகமாக எடை போடும். தீனிக்கு இதுதான் லாபம். ஐசீனியா ஃபெடிடா சிவப்பில் மஞ்சள் வளையம் போட்டது, சின்னது. உலகம் முழுக்க வீட்டுத் தொட்டிகளில் இதைத்தான் வைக்கிறார்கள். ஆனால் தொட்டால் மஞ்சள் நிறத்தில் வாடையடிக்கும் திரவத்தை விடும், சில கோழிகள் ஒருமுறை கொத்திவிட்டு ஒதுங்கிப் போகும். மூன்றாவது பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ், நம் பகுதியிலேயே இருப்பது. பழைய எருக்குழியையும் சாணிக் குவியலையும் கிளறினால் முன்பக்கம் நீலம் மின்ன, தொட்டவுடன் துள்ளித் துடிக்குமே, அதுதான். காசு கொடுக்காமல் கிடைக்கும். மழை வந்தால் கூட்டமாகத் தொட்டியை விட்டு ஓடுவது இதன் குணம்.

சென்னை புதுக்கல்லூரியில் பணியாற்றிய மண்புழு ஆய்வாளர் சுல்தான் அகமது இஸ்மாயில், வெளிநாட்டுப் புழு தேவையில்லை, உள்ளூர்ப் புழுக்களே போதும் என்று நெடுங்காலமாக வலியுறுத்தி வருபவர். உரம் மட்டுமே நோக்கமென்றால் அவர் சொல்வதைத்தான் நானும் சொல்வேன். தீனியும் வேண்டுமென்றால் தீனித் தொட்டியில் மட்டும் யூட்ரிலஸை வைக்கலாம். அதைத் தோட்டத்தில் கொண்டுபோய் விட வேண்டாம். தோட்டத்து மண்ணைத் தோண்டினால் கிடைக்கும் லாம்பிட்டோ மாரிட்டி மண்ணில் வளை போட்டு வாழ்வது, மண் அடுக்கு இல்லாத சமையலறைக் கழிவுத் தொட்டியில் நிலைக்காது. அது தோட்டத்திலேயே இருக்கட்டும், அங்கே அதற்கு நிறைய வேலை இருக்கிறது. வாங்குவதானால் பக்கத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கழுவி எடுத்த புழுவைவிட அது வாழ்ந்த எருவோடு சேர்த்து வாங்குவது நல்லது. எருவில் முட்டைக்கூடுகளும் குட்டிப் புழுக்களும் இருக்கும், பெரியவை பயணத்தில் செத்தாலும் தொட்டி பிழைத்துக்கொள்ளும்.

தொட்டி எதுவானாலும் சரி: துளையிட்ட பிளாஸ்டிக் டப், சிமென்ட் உறை, பழைய தண்ணீர்த் தொட்டி. இந்தப் புழுக்கள் மேலடுக்கில் தின்பவை, அதனால் ஆழத்தைவிட அகலம் முக்கியம். ஓர் அடி, ஒன்றரை அடி ஆழம் போதும். அடியில் தண்ணீர் வடியத் துளை இருக்கட்டும், அதன் மேல் உடைத்த செங்கலோ தேங்காய் மட்டையோ பரப்புங்கள். அடுத்து ஊறவைத்துக் கழுவிய தென்னை நார்க் கழிவும் காய்ந்த இலையும் நான்கு விரற்கடை, அதன் மேல் இரண்டு, மூன்று வாரம் பழகிய சாணி நான்கு விரற்கடை. பச்சைச் சாணி சூடேறும், போடாதீர்கள். நனைத்து ஒரு வாரம் விட்டு, உள்ளே கையை நுழைத்துப் பாருங்கள். சூடு தெரியாவிட்டால் மாலை நேரத்தில் புழுவை மேலே விடுங்கள், தானாக உள்ளே போய்விடும். முதல் இரண்டு, மூன்று இரவு தொட்டிக்கு மேல் ஒரு விளக்கை எரியவிட்டால், புதிய இடம் பிடிக்காமல் வெளியேறுவதைத் தடுக்கலாம். புழுவுக்குக் கண் இல்லை, ஆனால் தோலால் வெளிச்சத்தை உணர்ந்து ஒதுங்கும். ஐந்து பேர் உள்ள வீட்டுக் காய்கறிக் கழிவுக்கு அரை கிலோ புழுவில் தொடங்கினால் போதும், அது தானாகப் பெருகும்.

ஈரம்தான் இதில் எல்லாவற்றிலும் பெரிய விஷயம். புழு தோலால் மூச்சு விடுகிறது, தோல் காய்ந்தால் மூச்சு நின்றுவிடும். தண்ணீர் தேங்கினாலும் காற்றில்லாமல் திணறும். படுக்கையில் ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வந்தால் சரியான ஈரம். ஒழுகினால் காய்ந்த இலையைக் கலந்துவிடுங்கள்.

தீனி போடும்போது ஒரு மூலையில் புதைத்து மூடுங்கள், அடுத்த முறை அடுத்த மூலை. ஒரு பங்கு காய்கறிக் கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த இலை, எடையில் அல்ல, கொள்ளளவில். போனமுறை போட்டது பெரும்பாலும் மறைந்த பிறகுதான் அடுத்தது. கீரைத் தண்டு, வாழைப்பழத் தோல், பூசணிக் குடல், டீத்தூள் எல்லாம் புழுவுக்குப் பிடித்தவை. முட்டை ஓட்டைப் பொடித்துத் தூவினால் புளிப்பு குறையும், அதன் துணுக்குகள் புழுவின் அரைவைப்பையில் கல்லைப்போல் அரைக்கவும் உதவும். எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் குவியலாக வேண்டாம். உப்பு, புளி, மிளகாய் சேர்ந்த குழம்பு மிச்சம், ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், மீன், கறி எதுவும் வேண்டாம். மிஞ்சிய சோறு பார்க்கச் சாதுவாக இருக்கும், நிறையப் போட்டால் புளித்துச் சூடேறி, புழுக்கள் உடல் வீங்கி இடையிடையே இறுகி, மணி கோத்ததுபோல் ஆகிச் சாகும். அந்தச் சோற்றைக் கோழிக்கே போடுங்கள். கார்பன்டசிம் போன்ற பூஞ்சணக்கொல்லி அடித்த செடியின் இலையும் வேண்டாம், மண்புழுவுக்கு அது கொடிய நஞ்சு. பளபளப்பான வண்ணத் தாள்களையும் விட்டுவிடுங்கள். மண்புழு காட்மியம் போன்ற உலோகங்களை உடலில் சேர்த்து வைக்கும், தீனித் தொட்டியில் அது கோழிக்கும் அங்கிருந்து நமக்கும் வரும்.

சித்திரை, வைகாசியில் மொட்டை மாடித் தரையில் தொட்டி வைத்தால் புழு வெந்துவிடும். 35 டிகிரியைத் தாண்டினால் இவை தாக்குப்பிடிப்பது கடினம். மரத்தடி, மாட்டுக்கொட்டகை ஓரம், படிக்கட்டுக்கு அடி போன்ற இடம் பாருங்கள். மாடிதான் என்றால் செங்கல்மேல் தூக்கி வைத்து, கீற்று போட்டு, ஈரச்சாக்கால் மூடுங்கள், உச்சிவெயிலுக்கு முன்னால் சாக்கை மறுபடி நனையுங்கள். ஐப்பசி மழையில் மேலே மூடி, கீழே வடிகால் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எறும்புக்குத் தொட்டியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணம் போதும். படுக்கைக்குள்ளேயே எறும்பு குடியேறினால் ஈரம் போதவில்லை என்று அர்த்தம். பெருச்சாளியும் மூஞ்சூறும் ஒரே இரவில் தொட்டியைக் காலி செய்யக்கூடியவை, பக்கத்துத் துளைகளுக்கும் கம்பிவலை அடியுங்கள்.

கோழிக்குப் புழு எடுக்க எளிய வழி சாணி உருண்டை. பழகிய சாணியை எலுமிச்சம்பழ அளவில் உருட்டிப் படுக்கையில் இரண்டு, மூன்று இடத்தில் புதையுங்கள். சில நாளில் புழு அதில் மொய்த்திருக்கும். உருண்டையை வாளித் தண்ணீரில் அமிழ்த்தினால் சாணி கரைந்து புழு தனியாக நிற்கும், ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டியதில்லை. எடுத்த புழுவை ஈரத் தென்னை நாரில் ஒருநாள் விட்டுவையுங்கள், குடலில் உள்ளது வெளியேறிவிடும். பிறகு கழுவிக் கொடுக்கலாம். தசையில் தங்கிய ஒட்டுண்ணி இதனால் போகாது. அதனால் குஞ்சுகளுக்குக் கொடுக்கும் புழுவைக் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் போட்டு, ஆறவைத்து, நறுக்கிக் கொடுப்பதையே நான் சொல்வேன். கொஞ்சம் கூடுதல் வேலைதான், குஞ்சு பிழைப்பது அதைவிடப் பெரிது. சின்னப் புழுக்களை எடுக்காதீர்கள். கழுத்துப் பக்கம் பட்டை கட்டிய பெரிய புழுவில் பாதியை விட்டுவையுங்கள், முட்டைக்கூடு போடுவது அவைதான்.

உரம் 45 முதல் 60 நாளில் தயாராகும். கறுத்து, பொலபொலவென்று டீத்தூள் போலாகி மண்வாசனை வந்தால் நான்கைந்து நாள் தண்ணீர் நிறுத்தி, வெளிச்சத்தில் கூம்பாகக் குவியுங்கள். புழு அடிக்கு இறங்கும், மேலிருந்து வழித்து எடுக்கலாம். தொட்டிச் செடிக்கு மண் கலவையில் ஐந்தில் ஒரு பங்கு போதும், உரத்தையே மண்ணாக நிரப்பினால் செடி செழிப்பதற்குப் பதில் திணறும். சூடேறாமல் ஆன உரம் என்பதால் தக்காளி, பூசணி விதைகள் அதில் உயிரோடு இருக்கும், தொட்டியில் தானாக முளைத்தால் ஆச்சரியப்பட வேண்டாம். தொட்டிக்கடியில் வடியும் தண்ணீரை வெர்மிவாஷ் என்று நினைத்து இலையில் தெளிக்காதீர்கள். வெர்மிவாஷ் என்பது கல், மணல், மண், சாணி அடுக்கி, புழு வாழும் பீப்பாய் வழியே நல்ல தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கி எடுப்பது. தொட்டிக்கடியில் வடிவதோ அழுகல் சாறு. பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பச்சையாகத் தின்னாத செடிகளின் வேருக்கு மட்டும் ஊற்றுங்கள்.

கோழிப் புரதம்தான் உங்கள் முதல் கவலை என்றால், புழுவோடு மற்ற வழிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் கிராமங்களில் குஞ்சுக்குக் கரையான் பிடித்துப் போடுவது பழைய வழக்கம். பழம்பானையில் கிழிந்த கோணியும் ஓலையும் காய்ந்த சாணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலை பானைக்குள் கரையான் ஏறியிருக்கும். வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஒரு சின்னத் தார்ப்பாய்த் தொட்டியில் அசோலா என்ற மிதக்கும் நீர்ச்செடி வளர்த்தால் தினமும் ஒரு கை பச்சைத் தீனி கிடைக்கும். உங்கள் மண்புழுத் தொட்டியிலேயே சாம்பல் பழுப்பாக, தட்டையாக, கடினத் தோலோடு சில புழுக்கள் தென்பட்டால் அவற்றை நசுக்கிவிடாதீர்கள். அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். வீட்டு ஈயைப்போல் சோற்றில் வந்து உட்காரும் ஈ அல்ல அது. மண்புழுவைவிட வேகமாக வளரும், சுண்ணாம்புச் சத்தும் அதிகம். பொறுக்கிக் கோழிக்குப் போடுங்கள். அவை தொட்டியில் பெருகிக்கொண்டே போனால் ஈரமும் சமையலறைக் கழிவும் மண்புழுவின் தேவைக்கு மேல் போய்விட்டன என்று கொள்ளலாம். ஒரு வாரம் கழிவு போடுவதை நிறுத்தி, காய்ந்த இலையைக் கூட்டுங்கள்.